விலை ஏறும்போதுதான் விழிப்பு வேண்டும்

விலை விழுந்தால் ஊரே பேசுகிறது. மண்டியில் புலம்பல், டீக்கடையில் விவாதம், குறைதீர் கூட்டத்தில் மனு என்று நாட்கள் போகும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் அப்போதுதான் அவசரக் கூட்டம் கூட்டுகின்றன. விலை ஏறும்போது யாரும் கூட்டம் போடுவதில்லை. நாலு காசு பார்க்கிற நேரத்தில் கூட்டம் எதற்கு என்று இருந்துவிடுகிறோம். கடந்த சில ஆண்டுகளின் செய்திகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். விழுந்த அடிக்கான காரணம், விலை உச்சத்தில் இருந்த நாட்களிலேயே உருவாகியிருப்பது தெரியும்.

'தொழில் தலைவர்கள்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் பெருநகரத்து அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது. இன்று நம் கிராமங்களில் அந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் நீங்கள்தான். கம்பெனிகள் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தம், பத்து விவசாயிகள் சேர்ந்தாலே ஒரு உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம் என்று வழிவிட்டது. 2020-ல் 10,000 நிறுவனங்களை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டம் வந்தது. இத்திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு அரசு தரும் உதவி, மூன்று ஆண்டுகளுக்கு அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய். அதற்குப் பிறகு நிறுவனம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். தொடக்கத்தில் பதிவான பல நிறுவனங்களுக்கு அந்த மூன்று ஆண்டு முடிந்துவிட்டது. இனி இயக்குநர் குழு எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் இருப்பது உறுப்பினர்களின் பங்குத் தொகைதான்.

தக்காளி சொன்ன கணக்கு

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. மத்திய அரசு கூட்டுறவு அமைப்புகள் மூலம் கொள்முதல் செய்து, பெருநகரங்களில் முதலில் 90, பிறகு 80, பிறகு 70 ரூபாய் என்று குறைத்து விற்றது. ஆகஸ்டில் நேபாளத்திலிருந்து இறக்குமதி என்ற அறிவிப்பு நாடாளுமன்றத்திலேயே வந்தது. செப்டம்பரில் பல சந்தைகளில் பறிகூலிகூடத் தேறவில்லை.

இதில் மர்மம் எதுவும் இல்லை. நட்டதிலிருந்து சுமார் இரண்டு மாதத்தில் தக்காளி பறிப்புக்கு வந்துவிடும். ஜூலை விலையைப் பார்த்து நட்ட அத்தனை பேரின் காயும் செப்டம்பர் கடைசியில் ஒன்றாகச் சந்தைக்கு வரும். இராயக்கோட்டையானாலும் ஒட்டன்சத்திரமானாலும் மதனப்பள்ளியானாலும் கணக்கு ஒன்றே. இன்றைய விலை நேற்று நட்டவருக்கு உரியது. இன்று நடுபவருக்கு எந்த விலை கிடைக்கும் என்பதை, இந்த வாரம் நாற்றுப் பண்ணைகளில் எத்தனை நாற்று விற்றது என்பது சொல்லிவிடும். அந்த எண்ணிக்கையை விசாரிக்கும் நிறுவனம் இரண்டு மாதத்துக்கு முன்பே சந்தையைப் பார்த்துவிடுகிறது.

வெங்காயம் சொன்ன எச்சரிக்கை

வெங்காய ஏற்றுமதித் தடை வரும்போதெல்லாம் 'திடீர்த் தடை' என்றே எழுதுகிறோம். தேதிகள் வேறு கதை சொல்கின்றன. 2019 செப்டம்பரில் தடை வந்தது. 2020 மார்ச்சில் நீங்கியது. 2020 செப்டம்பரில் மீண்டும் தடை. 2021 ஜனவரியில் நீங்கியது. 2023-ல் அரசு படிப்படியாகவே வந்தது. ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி; அக்டோபர் இறுதியில் டன்னுக்கு 800 டாலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை; டிசம்பர் 8 முதல் முழுத் தடை. 2024 மே மாதம் தடை நீங்கியபோதும் 550 டாலர் நிபந்தனையும் 40 சதவீத வரியும் தொடர்ந்தன. வரி முழுவதுமாக நீங்கியது 2025 ஏப்ரல் 1-ல்தான்.

ஐந்து ஆண்டுக்குள் மூன்று தடை. மூன்றுக்கும் முன்னால் உள்நாட்டு விலை ஏறியிருந்தது. மூன்றாவதற்கு நான்கு மாதம் முன்பே முதல் மணி அடித்துவிட்டது. பெரிய வெங்காயத்தைக் குறிவைத்து வரும் இந்த ஆணைகள், இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் நம் சின்ன வெங்காயத்தையும் சேர்த்தே கட்டிப்போடுகின்றன. பெரம்பலூர் விவசாயி பட்டறையில் இருப்பு வைத்துக் காத்திருப்பது நல்ல விலைக்காக. ஆகஸ்டில் வரி வந்த செய்தியைப் படித்த அன்றே, 'பட்டறையில் உள்ளதில் பாதியை இப்போது விற்போமா?' என்று கேட்க வேண்டியவர் நிறுவனத்தை நடத்துபவர்.

நகரத்து நுகர்வோரின் சுமையைக் குறைக்க விவசாயியின் விலையில் கைவைப்பது நியாயமா? இல்லை. விலை விழும்போது இதே வேகத்தில் அரசு ஓடிவருவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சின்ன வெங்காயத்துக்குத் தனி ஏற்றுமதிக் குறியீடு வேண்டும் என்ற கோரிக்கையையும் விடாமல் எழுப்ப வேண்டும். ஆனால், அதற்குப் பதில் வரும்வரை உங்கள் பட்டறையில் இருக்கும் சரக்கு காத்திருக்காது. போராடுவது ஒரு வேலை, சரக்கைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது.

கொப்பரை காட்டும் ஆபத்து

2023-ல் அரைவைக் கொப்பரைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். சந்தை அதற்கும் கீழே கிடந்ததால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் அரசுக் கொள்முதலை நம்பி விவசாயிகள் நின்றார்கள். 2025-ல் ஆதரவு விலை 11,582 ரூபாய். சந்தை விலையோ 20,000 ரூபாயைத் தாண்டிப் போனது. தென்னை விவசாயிக்கு நெடுநாளுக்குப் பிறகு வந்த நல்ல காலம் அது. கொப்பரை வாங்கி எண்ணெய் ஆட்டும் நிறுவனத்துக்கு அதே விலை வேறு முகம் காட்டியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் நிறுவனம் மாதம் 10 டன் கொப்பரை வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குவிண்டால் 10,000 ரூபாயாக இருந்தபோது அதற்கு 10 லட்சம் ரூபாய் போதும். 20,000 ஆனதும் அதே 10 டன்னுக்கு 20 லட்சம் வேண்டும். வியாபாரம் ஒரு கிலோகூடக் கூடவில்லை. கடன் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. கிடங்கில் அந்த 10 டன் இருக்கும்போது விலை ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் நஷ்டம் 4 லட்சம். 300 உறுப்பினர்கள் தலைக்கு 1,000 ரூபாய் போட்டுச் சேர்த்த பங்குத் தொகை மொத்தமே 3 லட்சம்தான். விலை பாதியாக இருந்த காலத்தில் இதே இறக்கம் வந்திருந்தால் நஷ்டம் 2 லட்சத்தோடு நின்றிருக்கும். பங்குத் தொகையில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

இறக்கத்துக்கான காரணங்களும் அந்த உச்சத்திலேயே இருந்தன. தேங்காய் எண்ணெய் எட்டாத விலைக்குப் போனால் சமையலறையும் பலகாரக் கடையும் வேறு எண்ணெய்க்கு மாறும். 2025 மே இறுதியில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை மத்திய அரசு 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது. தென்னை விவசாயி இந்தச் செய்தியைத் தனக்குச் சம்பந்தமில்லாததாக நினைத்துப் பக்கத்தைத் திருப்பலாம். எண்ணெய் ஆட்டும் நிறுவனத்தின் இயக்குநர் அப்படித் திருப்ப முடியாது.

உறுப்பினர் ஏன் வெளியில் விற்கிறார்?

விலை உச்சத்தில் இன்னொரு சோதனையும் வரும். களத்துக்கே வண்டி அனுப்பி, கையில் பணம் கொடுத்து, கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகத் தர வியாபாரி தயாராக இருப்பார். உறுப்பினர் அவருக்கே போட்டுவிடுவார். நிறுவனம் ஏற்கெனவே விலை பேசிக் கையெழுத்திட்ட ஆர்டருக்குச் சரக்கு இல்லாமல் தவிக்கும். உறுப்பினரைத் துரோகி என்று திட்டிப் பயனில்லை. அவருக்கும் கடன் இருக்கிறது, பள்ளிக் கட்டணம் இருக்கிறது. கூடுதல் விலையை விட்டுக்கொடுக்க அவருக்கு நிறுவனம் என்ன காரணம் கொடுத்திருக்கிறது?

சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. பல நிறுவனங்கள் அதைத் தொடுவதே இல்லை. சரக்கு வாங்கும்போது இயக்குநர் குழு தீர்மானிக்கும் ஒரு பகுதி விலையைக் கொடுத்துவிட்டு, மீதியை நிறுத்திவைத்துப் பின்னர் பணமாகவோ பங்காகவோ தரலாம். ஆண்டு முடிவில் மிஞ்சும் உபரியை, யார் எவ்வளவு சரக்குக் கொடுத்தார் என்ற அளவுக்கு ஏற்பப் போனசாகப் பிரித்துக் கொடுக்கவும் பொதுக்குழுவால் முடியும். பத்துப் பங்கு வைத்துக்கொண்டு ஒரு மூட்டைகூடத் தராதவருக்கும், நஷ்டத்திலும் லாபத்திலும் நிறுவனத்துக்கே போட்டவருக்கும் வேறுபாடு தெரிந்தால்தான் உறுப்பினர் நிற்பார். பொதுக் காப்பு நிதி வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம் சொல்வதுதான். அந்த நிதியைச் சேர்க்க முடிகிற காலம் விலை நன்றாக இருக்கும் காலம் மட்டுமே.

ஒரே வாசல், பல வாசல்

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, ஆந்திரக் கடலோரத்திலிருந்து நாகை வரை இறால் பண்ணையாளர்கள் கலங்கிப்போனார்கள். இந்தியக் கடல் உணவு ஏற்றுமதி மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவை நம்பியிருந்தது. அதில் பெரும்பங்கு இறால். நல்ல விலை தரும் ஒரே வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருப்பது சுலபம். அது மூடும் நாளில்தான் மற்ற வாசல்களைத் தட்டிப் பழகவில்லை என்பது உறைக்கும்.

நாமக்கல் முட்டையைப் பாருங்கள். கேரளச் சந்தை ஒருபுறம், நம் பள்ளிக் குழந்தைகளின் சத்துணவு ஒருபுறம், வளைகுடா நாடுகள் ஒருபுறம். 2022 இறுதியில் மலேசியாவில் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது நாமக்கல்லால் உடனே அனுப்ப முடிந்தது. ஏற்றுமதிக்கான பழக்கமும் ஏற்பாடும் முன்பே இருந்ததுதான் காரணம். கோழிப் பண்ணையாளர்களும் நஷ்டம் பார்க்காதவர்கள் அல்லர். ஒரு வாசல் அடைபட்டால் பண்ணையையே மூடும் நிலையில் அவர்கள் இல்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் என்ன செய்யலாம்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இயக்குநர் குழு கூட வேண்டும் என்பது சட்டம். வரவு செலவை வாசித்துக் கையெழுத்துப் போட்டுக் கலைவதற்கு அந்தக் கூட்டம் தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் ஐந்து தீர்மானங்களை எழுதிவையுங்கள்.

ஒன்று, உங்கள் முக்கியப் பயிரின் ஐந்தாண்டுச் சராசரி விலையைக் கணக்கிட்டு, சந்தை அதைவிட இவ்வளவு மேலே போனால் ஒரு வாரத்துக்குள் குழு கூடும் என்று முடிவு செய்யுங்கள். இரண்டு, கிடங்கில் எத்தனை டன்னுக்கு மேல் இருப்பு வைப்பதில்லை என்பதைப் பங்குத் தொகையையும் காப்பு நிதியையும் வைத்து நிர்ணயித்துக்கொள்ளுங்கள். விலை ஏற ஏற அந்த டன் அளவு குறைய வேண்டும். மூன்று, நீண்டகால ஆர்டர்களில் ஒரே நிலையான விலையைப் பேசாமல், அன்றைய ஏல விலையை ஒட்டி விலை மாறும்படி ஒப்பந்தம் எழுதுங்கள். நான்கு, மொத்த விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே வியாபாரிக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் இரண்டாவது ஆளைத் தேடும் பொறுப்பை முதன்மைச் செயல் அலுவலரிடம் தேதி குறித்து ஒப்படையுங்கள். ஐந்து, உச்ச விலையைக் கண்டு புது ஆலைக்கும் புது இயந்திரத்துக்கும் கடன் வாங்கும் முடிவை, சராசரி விலையிலும் தவணை கட்ட முடியுமா என்று பார்த்த பிறகே எடுங்கள்.

வேளாண், தோட்டக்கலை அலுவலர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எந்த வட்டாரத்தில் எவ்வளவு நாற்று போகிறது, எந்தப் பயிரின் பரப்பு கூடுகிறது என்பது முதலில் தெரிவது உங்களுக்குத்தான். பூச்சி மருந்துப் பரிந்துரை அனுப்பும் வாட்ஸ்அப் குழுவிலேயே இந்தத் தகவலையும் வாரம் ஒருமுறை போடலாம். ஏற்றுமதி, இறக்குமதி, வரி தொடர்பான ஆணைகள் வந்தால் அதைத் தமிழில் நான்கு வரியில் எழுதி நிறுவன அலுவலகப் பலகையில் ஒட்டச் செய்யலாம். 'இதனால் நம் சரக்குக்கு என்ன?' என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

மழை பெய்யும் காலத்தில் ஏரியைத் தூர்வார முடியாது என்பது நமக்குத் தெரியும். கரையை எப்போது பலப்படுத்த வேண்டும் என்பதையும் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவை நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கும் கொண்டுவாருங்கள். உங்கள் பயிருக்கு இன்று நல்ல விலை கிடைக்கிறதா? மகிழ்ச்சி. அப்படியென்றால் இயக்குநர் குழுவைக் கூட்ட வேண்டிய வாரம் இதுதான்.