கிழக்கு 99-வது தெருவின் ஒப்பாரி

ஒரு தெருவுக்கு யார் பெயரை வைக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் அல்ல. 'காலனி' என்ற ஒற்றைச் சொல்லையே முகவரியாகக் கொண்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட்டில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள க்ளீவ்லாந்து நகரம், தன் கிழக்கு 99-வது தெருவின் ஒரு பகுதிக்கு 'போன் தக்ஸ் அண்ட் ஹார்மனி' என்ற ராப் குழுவின் பெயரைச் சூட்டியது. அந்தத் தெருவும் செயின்ட் கிளேர் அவென்யூவும் சந்திக்கும் முனைதான் அந்தக் குழுவின் ஐந்து கறுப்பின இளைஞர்களுக்கு ஊர். 1995 ஜூலையில் வெளியான அவர்களுடைய 'ஈ. 1999 எடர்னல்' என்ற இசைத்தொகுப்பின் பெயருக்குள்ளேயே அந்தத் தெருவின் எண் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ராப் என்றால் கிழக்கே நியூயார்க், மேற்கே லாஸ் ஏஞ்சலஸ். நடுவில் கிடந்த தொழிற்சாலை நகரங்களை யாரும் பொருட்படுத்தவில்லை. இந்தப் பையன்கள் 1993-ல் திரும்பி வரப் பணமில்லாமல், போவதற்கு மட்டும் பஸ் டிக்கெட் எடுத்து லாஸ் ஏஞ்சலஸ் போனார்கள். ஈஸி-ஈ என்ற புகழ்பெற்ற ராப் பாடகரிடம் தொலைபேசியிலேயே பாடிக் காட்டினார்கள். கடைசியில் அவரை நேரில் சந்தித்தது, அவர் கச்சேரிக்காக க்ளீவ்லாந்து வந்தபோதுதான். தங்களுக்கான வாய்ப்பைத் தேடி எங்கெங்கோ அலைந்தவர்களுக்கு அது சொந்த ஊரிலேயே கிடைத்தது.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் நிறவெறிச் சட்டங்களையும் விட்டு வெளியேறிய கறுப்பின மக்கள், இரும்பாலை வேலையை நம்பி க்ளீவ்லாந்து வந்தார்கள். அங்கும் அவர்களைக் கிழக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தார்கள். 1930-களில் அரசு அமைப்பே வரைபடத்தில் சிவப்பு மை பூசி, இந்தப் பகுதிகளுக்கு வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்தது. வசதி படைத்த வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள். பிறகு ஆலைகளும் மூடின. 1950-ல் 9 லட்சத்து 14 ஆயிரம் பேர் இருந்த நகரத்தில் 2020-ல் எஞ்சியவர்கள் 3 லட்சத்து 72 ஆயிரம் பேர்தான். 1967-ல் கார்ல் ஸ்டோக்ஸ் என்ற கறுப்பினத்தவரை மேயராகத் தேர்ந்தெடுத்த பெருமை இந்த நகரத்துக்கு உண்டு. ஆனால் நாற்காலி கிடைத்ததால் மட்டும் தெரு மாறிவிடவில்லை.

இந்தத் தொகுப்பில் 'ஃபர்ஸ்ட் ஆஃப் த மந்த்' என்று ஒரு பாட்டு. மாதத்தின் முதல் தேதி அரசின் உதவித்தொகைக் காசோலை வீட்டுக்கு வரும் நாள். அன்று தெரு முழுக்க விடிந்தவுடனேயே ஒரு சந்தோஷம், அதைத்தான் பாடுகிறார்கள். கேட்டவர்களில் பலர் சிரித்தார்கள். "அரசாங்கப் பணத்தில் வாழும் சோம்பேறிகள்" என்ற பழைய வசைக்கு இந்தப் பாட்டு சாட்சி சொல்வதாகவும் நினைத்தார்கள். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் கையில் காசு இருக்கிறது என்றால், மற்ற நாட்கள் எப்படி இருந்திருக்கும்? அந்தக் கேள்வியைப் பாட்டு நேராகக் கேட்கவில்லை. அந்த ஒரு நாளின் கொண்டாட்டத்தைக் காட்டியே கேட்க வைக்கிறது. பாட்டு வந்து ஓராண்டு கடந்த நிலையில், 1996 ஆகஸ்ட்டில், அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் அந்த உதவித்தொகை முறையையே கலைத்தது. ஒரு குடும்பம் வாழ்நாளில் 5 ஆண்டுகளுக்கு மேல் மத்திய அரசின் பண உதவியைப் பெறக்கூடாது என்று வரம்பு வைத்தது. ஏழைகளைக் கேலி செய்யும் பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு இது ஒரு பாடம்.

இன்னொரு பாட்டு செத்துப்போன நண்பனுக்காக எழுதப்பட்டது. 1995 மார்ச்சில் ஈஸி-ஈ எய்ட்ஸ் நோயால் இறந்தார். அவரையும், தாங்கள் இழந்த மற்றவர்களையும் சேர்த்து அந்தப் பாட்டை மறுபடி எழுதி 'த கிராஸ்ரோட்ஸ்' என்று வெளியிட்டார்கள். 1996-ல் அது அமெரிக்கப் பாடல் பட்டியலில் 8 வாரம் முதலிடத்தில் இருந்தது. பிறகு கிராமி விருதும் வாங்கியது. அது என்ன பாட்டு? நம் ஊர் வார்த்தையில் சொன்னால் ஒப்பாரி. செத்தவரைப் பேர் சொல்லி அழைத்து, 'உன்னை மறுபடி எங்கே பார்ப்பேன்' என்று ஏங்கும் பாட்டு. கறுப்பின இளைஞர்களின் சாவு செய்தித்தாளில் வெறும் எண்ணாக வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பேர் இருக்கிறது, அழுவதற்கு ஒரு வீடு இருக்கிறது என்று நாடு முழுக்கக் கேட்க வைத்தது இந்த ஒப்பாரி.

இதே க்ளென்வில் வட்டாரத்தில்தான் 1930-களில் இரண்டு யூத இளைஞர்கள் சூப்பர்மேனைக் கற்பனை செய்தார்கள். துப்பாக்கிக் குண்டு துளைக்காத மனிதன்! அறுபது ஆண்டுகள் கழித்து, குண்டு துளைத்தவர்களைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் அங்கிருந்து பாடினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்தத் தொகுப்பில் துப்பாக்கி வீரம் இருக்கிறது, போதைப் புகழ்ச்சி இருக்கிறது, பெண்களை இழிவாகப் பேசுவதும் இருக்கிறது. அன்றைய ராப் பாடல்களில் இருந்த இந்தப் போக்கைக் கண்டித்து முன்னின்று போராடியவர் சி. டெலோரஸ் டக்கர் என்ற கறுப்பினப் பெண்; சமவுரிமைப் போராட்டத்தில் வளர்ந்தவர். பெண்கள் விஷயத்தில் அவர் கேட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஒடுக்கப்பட்டவன் பாடுகிறான் என்பதற்காக, அவன் தன் வீட்டுப் பெண்ணை இழிவுபடுத்துவதை நாம் தாளம் போட்டு ரசிக்க முடியாது. நம் பையன்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அதே பாட்டுகளைக் காட்டி, வேலையையும் வீட்டுக்கடனையும் பறித்தவர்கள் தப்பித்துக்கொள்ளவும் விடக்கூடாது.

கறுப்பின மக்களின் போராட்டத்துக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1946-ல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-ல் பம்பாயில் பிறந்த தலித் சிறுத்தைகள் இயக்கம், கருஞ்சிறுத்தைகள் கட்சியைப் பார்த்தே தன் பெயரை எடுத்தது. 2017-ல் சென்னையில் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியது. அதற்கெல்லாம் க்ளீவ்லாந்துதான் மூலம் என்று நான் சொல்ல வரவில்லை. தன் தெருவின் பேரை மறைக்காமல், தன் தெருவின் பேச்சிலேயே பாடலாம் என்ற துணிச்சல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பெயர்ப் பலகையால் என்ன மாறியது? 2014-ல் இதே க்ளீவ்லாந்தில், பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது டாமிர் ரைஸை போலீஸ் சுட்டுக் கொன்றது. சுட்டவர் மீது குற்றவழக்கே வரவில்லை. பாடகர்களுக்குப் பலகை வைக்கும் நகரம், அதே தெருக்களில் பிறக்கும் பிள்ளைகளுக்கு உயிர் பயமில்லாத வாழ்க்கையைத் தர வேண்டும். மரியாதை என்பது அதற்குப் பிறகுதான் முழுமை பெறும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஒப்பாரி பாடத் தெரிந்த பாட்டி ஒருவராவது இருப்பார். மலக்குழியில் இறங்கி மாண்டவர், கலவரத்தில் வெட்டுப்பட்டவர், பிரசவத்துக்கு வண்டி வராமல் போய்ச் சேர்ந்தவர் என்று பல பேர் அவர் பாட்டுக்குள் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பேர்களை எழுதி வாங்குங்கள். கைப்பேசியில் அவர் குரலையும் பதிந்து வையுங்கள். பாட்டாக ஆக்குவது பிறகு நடக்கட்டும்.