பூஸ்டரும் பிழைக் கணக்கும்

"பூஸ்டர் போட்ட செவிலியருக்கே தொற்று வந்ததே, பிறகு எதற்கு?" என்று சித்தூரிலும் திருப்பதியிலும் கேட்போர் உண்டு. நாட்காட்டியைப் பாருங்கள். சுகாதாரப் பணியாளர்களுக்கு முன்னெச்சரிக்கைத் தவணை தொடங்கியது 2022 ஜனவரி 10. ஒமைக்ரான் அலை எழும்பிக்கொண்டிருந்த நேரம். ஊசி பயன் தர ஏறத்தாழ இரு வாரமாகும். அதற்குள் வந்த தொற்றையும் ஊசியின் தோல்வியாகக் கணக்கிடுவது ஆய்வாகாது.

சித்தூரை அடுத்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, இரண்டாம் அலையின்போது தன் பணியாளர்களிடையே கண்டது இது: இரு தவணைகள் தொற்றை 65 விழுக்காடும், மருத்துவமனைச் சேர்க்கையை 77 விழுக்காடும், தீவிர சிகிச்சைத் தேவையை 94 விழுக்காடும் குறைத்தன. நோய் முற்றாமல் காப்பதே முதற்பயன்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2021 பிப்ரவரியில் இரண்டாம் தவணை பெற்றவர்களுக்கு, அரசு பின்னர் வகுத்த ஒன்பது மாத இடைவெளி நவம்பரிலேயே நிறைந்துவிட்டது. அலை வரும்வரை அவர்களைக் காக்கவைத்தது ஏன்?