ஆண்டுக்கொரு முறை தீவாகும் ஊர்

கடலில் நிகழும் வற்றுப்பெருக்கைப் பற்றி நம் பிள்ளைகள் பூமிசாத்திரப் பாடத்திலே படித்திருப்பார்கள். சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதனால் கடல்நீர் ஏறுகிறது, பின்பு இறங்குகிறது. உலகின் சில கரைகளில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு விந்தையைச் செய்கிறது. நீர் வற்றும்போது கரையோடு சேர்ந்த நிலமாயிருப்பது, நீர் பெருகும்போது தீவாகி விடுகிறது. மும்பாய் நகரின் வொர்லிக் கரைக்கு அப்பால் அமைந்த ஹாஜி அலி தர்ஹா இதற்குத் தக்க உதாரணம். கரையிலிருந்து தர்ஹாவுக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நீளமுடையது. பெருக்கின்போது அது நீரில் மூழ்கிவிடும். வற்றுக்காலம் அறிந்தே மக்கள் அங்கே செல்வர்.

நமது அம்பாறைக் கரையிலே அத்தகைய தீவு உண்டா என்று ஒருவர் வினவலாம். இலங்கையைச் சூழ்ந்த கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலால் சந்திரன் இங்கே தீவைப் படைக்க மாட்டாது. எனினும் கல்முனைக்குத் தெற்கே தீவு என்னும் பெயரையே தாங்கிய ஓர் ஊர் இருக்கிறது. அதுதான் காரைதீவு. கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடலோரமாக அங்கே சென்று வருவோமா?

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலிருந்து புறப்படுவது சிறப்பு. நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்று விழா நடைபெறும் இடம் அது. விடியற்காலையிலே சென்றுவிட வேண்டும். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்தே எழுவதனால், கடலை நோக்கி எடுக்கும் படங்களில் தோணியும் மனிதரும் கருநிழலாகவே விழுவர். கரைவலை இழுப்போரை அவ்வாறு எடுப்பது அழகே. ஆனால் முகங்கள் தெளிவாகத் தெரிய வேண்டுமாயின் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுக்க வேண்டும். எவரைப் படமெடுப்பதாயினும் முதலில் சலாம் சொல்லி, அனுமதி பெற்றுக்கொள்வதே முறை. வலையிழுப்பவர்களுக்கு அது வேலை நேரம் என்பதை மறத்தலாகாது.

அங்கிருந்து தெற்கே சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்குவதைப் புதியவர் அறிவது அரிது. வீடுகள் அத்துணை நெருக்கம். இந்த நெருக்கமே 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், பேரழிவுக்கு ஒரு காரணமாயிற்று. சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த பூமியதிர்ச்சியினால் எழுந்த ஆழிப்பேரலை கடலோரத் தெருக்களைத் துடைத்தெடுத்துச் சென்றது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிர்களோடு கலியாணப் படங்களும் பிள்ளைகளின் படங்களும் போயின. மாண்டவரின் முகத்தைக் காட்ட ஒரு படமேனும் எஞ்சாத குடும்பங்கள் உண்டு. அன்று இருந்த தெரு எப்படியிருந்தது என்பதும் பல இடங்களில் முதியோரின் நினைவிலே மாத்திரம் இருக்கிறது.

சாய்ந்தமருதில் தோணாவைக் காணலாம். மழைநீரைக் கடலுக்குக் கொண்டு செல்லும் நீரோடையை இப்பகுதி மக்கள் தோணா என்பர். கோடையிலே கடலலை மணலைக் குவித்து அதன் வாயை அடைத்துவிடும். மாரியிலே அந்த மணல் மேட்டை வெட்டிவிட்டாலன்றி ஊருக்குள் வெள்ளம் தேங்கிவிடும். அதே கடல் வேறிடங்களில் மணலை எடுத்துக்கொண்டு போகிறது. மாளிகைக்காட்டிலே மையவாடியின் மதிலையும் அண்மை ஆண்டுகளில் கடல் அரித்தது. இன்னும் தெற்கே ஒலுவிலில் 2013ஆம் ஆண்டு துறைமுகம் திறக்கப்பட்டது. இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. துறைமுகத்தின் அலைதடுப்பு அணைகள் அதனை மறித்தமையால், தென்புறத்தே மணல் சேர்ந்தது. வடபுறத்தே கரை தேய்ந்தது. கரை என்பது நிலையான கோடு அன்று என்பதை இவையெல்லாம் உணர்த்துகின்றன.

இனிக் காரைதீவை அடைவோம். கண்ணகி அம்மன் கோயிலால் புகழ்பெற்ற ஊர்; யாழ்நூல் தந்த சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டு பிறந்த ஊர். கிழக்கே கடல், மேற்கே பரந்த வயல்வெளி. கோடையிலே செல்பவருக்குத் தீவு என்னும் பெயர் பொருந்தாததாகவே தோன்றும். கார்த்திகை பிறந்து வடகீழ்ப் பருவமழை பொழிந்த பின் வந்து பார்த்தால் பெயரின் பொருள் விளங்கும். மேற்கேயிருந்து வரும் வெள்ளம் வயல்களை மூடி, மாவடிப்பள்ளி செல்லும் வீதியின் மேலேயே பாய்வதுண்டு. கடலின் பெருக்கு நாளுக்கு இருமுறை செய்வதை, இங்கே வானத்தின் பெருக்கு ஆண்டுக்கொரு முறை செய்கிறது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் அந்த வீதியிலேதான், விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. இளம் மாணவர்கள் சிலர் உயிரிழந்தனர். தினமும் போய்வரும் பாதை, ஒரே நாளில் ஆறாக மாறிவிட்டது.

சந்திரனால் வரும் பெருக்குக்கு நாழிகைக் கணக்கு உண்டு. மழையால் வரும் பெருக்குக்கு அத்தகைய அட்டவணையை எவராலும் முன்கூட்டியே எழுதிவைக்க இயலாது. ஆனால் சென்ற ஆண்டுகளில் நீர் எதுவரை வந்தது என்பதை எழுதிவைக்க இயலும். அதற்கு மிக எளிய கருவி நம் கையிலுள்ள கமராவே. 2017ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரக் கடற்கரையில் கைத்தொலைபேசியை வைப்பதற்கென ஒரு சட்டத்தை நிறுவினர். அவ்வழியே செல்பவர் யாவரும் ஒரே இடத்திலிருந்து ஒரே காட்சியை எடுத்தனுப்ப, அப்படங்களைக் கொண்டு கரை நகர்வதை ஆய்வாளர் அளந்தறிகின்றனர். இம்முறை பின்னர் வேறு பல நாடுகளுக்கும் பரவியது.

நம் மாணவர்களும் இதனைச் செய்யலாம். தோணாவின் வாய், மையவாடி மதில், மாவடிப்பள்ளி வீதி என மூன்று இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அசையாத ஒரு பொருள், கட்டடமோ மின்கம்பமோ, படத்தில் விழட்டும். ஓகஸ்டில் ஒன்றும் ஜனவரியில் ஒன்றுமாக ஆண்டுக்கு இரு படங்கள் போதும். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையை நோக்கி எடுங்கள். நாளும் நேரமும் எழுதிவையுங்கள். வெள்ளம் பாயும்போது அதன் அருகே செல்லவே வேண்டாம். வடிந்த பின்னர் சுவரிலே நிற்கும் சேற்றுக்கோட்டை எடுத்தாலே போதுமானது.

படங்களின் ஒரு பிரதி வீட்டிலும், ஒன்று பாடசாலை நூலகத்திலும், ஒன்று கடலோரத்துக்கு அப்பால் வாழும் உறவினரிடத்திலும் இருக்கட்டும். பத்து ஆண்டுகள் கழித்து, "இந்த வீதியில் வெள்ளம் எதுவரை வந்தது வாப்பா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், கையை உயர்த்தி ஊகமாகச் சொல்லாமல், படத்தை எடுத்துக் காட்டலாம்.