கத்தரிக்குக் கைதட்டாதீர்கள்!



சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது. சனீஸ்வரர் கோயிலுக்கு வரும் கூட்டத்தை நம்பித்தான் அங்கே பல கடைகள். அப்படி ஒரு கடையில் நம் சகோதரர் ஒருவரைச் சந்தித்தேன். கல்லாவுக்கு மேலே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி அவர் கேட்டார்:

"மாசாமாசம் கேபிளுக்குக் காசு கட்டுறேன் தம்பி. கடையை அடைச்சிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு படம் பார்த்தா, பாதி வசனத்தை ஊமையாக்கிடுறாங்க. ஆனா சாயந்தரம் பிள்ளைங்க உட்கார்ந்திருக்கிற நேரத்துல, நம்ம சமுதாயத்தைத் திட்டுற விவாதம் ஒரு வார்த்தை வெட்டாம வருது. இது என்ன கணக்கு?"

நியாயமான கேள்வி அல்லவா?

ஒரே விதி, இரண்டு தராசு!

1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்படி எல்லாச் சானல்களும் ஒரு நிகழ்ச்சி நெறிக்குக் கட்டுப்பட்டவை. விதி 6 அதை வரிசைப்படுத்துகிறது. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் மாறானதைக் காட்டக்கூடாது என்பது அதில் ஒரு பிரிவு. மதங்களையும் சமூகங்களையும் தாக்கும், இழிவுபடுத்தும், வகுப்புவாதத்தை வளர்க்கும் சொல்லும் காட்சியும் கூடாது என்பது இன்னொரு பிரிவு. இரண்டும் ஒரே விதியில்தான் இருக்கின்றன. ஆனால் நடந்தது என்ன?

2007இல் ஆபாச விளம்பரங்களைத் தொகுத்துக் காட்டியதற்காக ஏஎக்ஸ்என் சானலுக்கு இரண்டு மாதத் தடை. அதே ஆண்டில் நள்ளிரவு நிகழ்ச்சி ஒன்றுக்காக எஃப்டிவிக்கும் இரண்டு மாதத் தடை. 2012இல் 'தி டர்ட்டி பிக்சர்' என்ற இந்திப் படத்துக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட வெட்டுகள் போட்டு, தணிக்கைக் குழுவிடம் புதிதாக யு/ஏ சான்றிதழும் வாங்கி வைத்திருந்தது சோனி. இருந்தும், ஒளிபரப்ப வேண்டிய ஏப்ரல் 22ஆம் தேதியன்று, இரவு 11 மணிக்குப் பிறகுதான் போடலாம் என்றது மத்திய அரசு. படம் அன்று வரவே இல்லை.

சதை தெரிந்தால் இத்தனை வேகம்! சமுதாயத்தின் மானம் போனால்?

2020 ஆகஸ்டில் சுதர்சன் டிவி ஒரு தொடரை அறிவித்தது. படித்துத் தேர்வெழுதி ஐ.ஏ.எஸ். ஆகும் முஸ்லிம் பிள்ளைகளை, அரசுப் பணிக்குள் ஊடுருவுகிறவர்கள் என்று பழித்த தொடர் அது. முன்கூட்டியே தணிக்கை செய்ய முடியாது என்று சொல்லி ஒளிபரப்ப வழிவிட்டது அமைச்சகம். நான்கு பகுதிகள் வெளியாகிவிட்டன. செப்டம்பர் 15ஆம் தேதி உச்சநீதிமன்றம்தான் நிறுத்தி வைத்தது. பின்னர் அமைச்சகம் கொடுத்த தண்டனை என்ன தெரியுமா? இனிக் கவனமாக இருங்கள் என்ற எச்சரிக்கை! ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதான்.

நாளை நம் பக்கம் திரும்பும்!

வாலிபர்களே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். "அசிங்கமான சானலைத்தானே மூடினார்கள், நமக்கென்ன?" என்று நம்மில் பலர் அன்று கைதட்டினோம். நாணத்தைப் போற்றுகிற சமுதாயம் நாம். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் காரணம் சொல்லாமல், விசாரிக்காமல் வெட்டும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால், அந்தக் கத்தரி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

2020 மார்ச் 6ஆம் தேதி, டில்லிக் கலவரச் செய்திக்காக ஏஷியாநெட் நியூஸ், மீடியாஒன் என்ற இரண்டு மலையாளச் சானல்களுக்கு 48 மணி நேரத் தடை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் மறுநாளே விலக்கிக்கொண்டார்கள். 2022 ஜனவரி 31ஆம் தேதி மீடியாஒன் மறுபடியும் இருண்டது. தேசப் பாதுகாப்பு என்றார்கள். காரணத்தை மூடிய உறையில் வைத்து நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 5ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் மட்டும் நியாயமான விசாரணையைத் தவிர்த்துவிட முடியாது என்று உணர்த்திய தீர்ப்பு அது. சிந்தியுங்கள்!

என்ன செய்ய வேண்டும்?

பெரியவர்களுக்கான படத்துக்குப் பூட்டு வேண்டும். அந்தச் சாவி வீட்டுக்காரர் கையில் இருக்கட்டும். செட்டாப் பாக்ஸில் ரகசிய எண் போட்டு ஒரு சானலைப் பூட்டும் வசதி இருக்கிறது. உங்கள் கேபிள்காரரிடம் கேட்டு இன்றே போடுங்கள். அதற்கு டில்லி உத்தரவு தேவையில்லை.

வெறுப்புப் பேச்சுக்குப் பூட்டு போட்டுப் பயனில்லை. நாம் பார்க்காவிட்டாலும் பக்கத்துக் கடைக்காரர் பார்ப்பார். அதற்குச் சட்டம்தான் மருந்து. 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, எழுத்து மூலம் புகார் கொடுத்தால் சானல் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சுயஒழுங்கு அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேலே மத்திய அரசின் குழு இருக்கிறது. சானல் பெயர், நிகழ்ச்சி, தேதி, நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்து, முடிந்தால் செல்போனில் பதிவும் செய்து அனுப்புங்கள்.

பலன் கிடைக்குமா என்கிறீர்களா? 2022இல் ஹிஜாப் பற்றிய விவாதம் ஒன்றைக் குறித்து ஒரு தனி மனிதர் புகார் எழுதினார். நியூஸ்18 இந்தியா சானலுக்கு 50,000 ரூபாய் அபராதம் விழுந்தது! அந்த வீடியோவை நீக்கவும் உத்தரவு வந்தது. அபராதம் சிறியதுதான். ஆனால் ஒரு கடிதம் செய்த வேலை அது.

வியாபாரிகளே! கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தால் இரவெல்லாம் கணக்குப் பார்க்கிறோம். நம் மானம் குறைந்தால் மட்டும் சானலை மாற்றிவிட்டுச் சும்மா இருப்பதா?

கத்தரிக்குக் கைதட்ட வேண்டாம். எல்லோருக்கும் ஒரே விதியைக் கேட்போம். பேனாவை எடுங்கள்!