எந்த ஏரியா தம்பி?

கோபாலபுரத்துத் தெருக்களில் மத்தியானம் இரண்டு மணிக்கு நடந்து பாருங்கள் தோழர்களே. மர நிழலில் ஒரு கால் டாக்சி நிற்கும். நாலு கதவையும் திறந்துபோட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்திருப்பான் நம் வீட்டுப் பையன் ஒருவன். தூக்கமில்லை. கைபேசி எப்போது கூப்பிடும் என்ற காத்திருப்பு. ஏசி போட்டால் காசு கரையும். ஒன்றுக்குப் போக இடமில்லை. சுவரோரம் ஒதுங்கினால் வாட்ச்மேன் விரட்டுவார். அவரும் பல சமயம் நம்ம சனம்தான்.

அப்படியொரு வண்டியில் போன மாதம் அவ்வை சண்முகம் சாலையில் ஏறினேன். பேச்சுவாக்கில் "எந்த ஏரியா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "துரைப்பாக்கம் பக்கம் சார்" என்றார். சிக்னலில் திரும்பியவர் என் மடியிலிருந்த புத்தகத்தின் அட்டையில் அம்பேத்கர் படத்தைப் பார்த்தார். அப்புறம்தான் வாய் திறந்தது: "கண்ணகி நகர்ண்ணா. அட்ரஸ் சொன்னா லோன் தரமாட்டேன்றாங்க. அதான் வாயிலயே வர்றதில்ல. இந்த வண்டி ஓனருது. அவருக்குக் கட்டறதக் கட்டி, கேஸ் போட்டு, கம்பெனி கமிஷனும் போக மிச்சம்தான் நமக்கு."

கிராமத்தில் 'எந்தத் தெரு?' என்று கேட்பார்கள். சென்னையில் அதையே 'எந்த ஏரியா?' என்று கேட்கிறோம். இந்தத் தடவை கேட்டது நான். வெட்கமாயிருந்தது. நான் பிழைப்பதும் ஒரு வங்கியில்தான் என்பது அதைவிட வெட்கம்.

நகரத்தின் ஆற்றோர, சாலையோரக் குடிசைகளைப் பிய்த்துக் கொண்டுபோய் 2000-ஆம் ஆண்டு முதல் நட்ட இடம் கண்ணகி நகர். பிய்த்தது அரசு. முகவரிக்கான தண்டனை மட்டும் அங்கே வளர்ந்த பிள்ளைக்கு.

1929-இல் அம்பேத்கர் சாலிஸ்கானில் ரயிலிறங்கினார். அவரை மகார் குடியிருப்புக்கு அழைத்துப்போக எந்தக் குதிரைவண்டிக்காரனும் வரவில்லை. தீண்டப்படாதவனை வைத்து ஓட்டுவது அவர்கள் கௌரவத்துக்குக் குறைவு. கடைசியில் ஒரு சமரசம்: வண்டியை வாடகைக்குத் தருவோம், நாங்கள் ஓட்டமாட்டோம். ஓட்டிப் பழகாத மகார் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் விபத்து, தூக்கியெறியப்பட்ட அம்பேத்கரின் கால் முறிந்தது. அன்று வண்டி கிடைத்தது, ஓட்ட ஆளில்லை. இன்று ஓட்ட நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், வண்டிதான் கிடைப்பதில்லை.

ஓட்டக்கூட லேசில் விட்டுவிடவில்லை. வாடகை வண்டி ஓட்டுவதற்கு எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றது மத்திய மோட்டார் வாகன விதி. பள்ளிக்கூடம் துரத்தியவனைச் சாலையிலிருந்தும் துரத்திய அந்த விதி 2019-இல்தான் நீக்கப்பட்டது.

வண்டி வாங்கத் தாட்கோ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 1974 முதல். மானியமும் தருகிறது. ஆனால் கடனைக் கொடுக்க வேண்டியது வங்கி. அங்கே என்ன நடக்கிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்தவன் சொல்கிறேன். பட்டியல் சாதியினரின் கடன் மனுவைக் கிளை அளவில் நிராகரிக்கக்கூடாது, மேல் அலுவலகம்தான் நிராகரிக்கலாம், காரணமும் எழுத வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. நல்ல நெறிமுறை. ஆகவே யாரும் நிராகரிப்பதில்லை, மனுவை வாங்குவதேயில்லை. 'ஜாமீன் இருக்கா?' 'அடுத்த வாரம் வாங்க.' 'மேனேஜர் லீவு.' ஒவ்வொரு தடவையும் அரைநாள் சவாரி போச்சு. நாலாவது தடவை ஆள் வரமாட்டார். வாங்காத மனுவுக்குப் பதிவேட்டில் இடமேது? எங்கள் கிளையில் சாதியே இல்லை என்று சத்தியம்கூடச் செய்யலாம்.

இன்னொரு பக்கம் கம்பெனி. அது இவரைப் 'பார்ட்னர்' என்கிறது. வாடகையை அது தீர்மானிக்கும், கமிஷனை அது எடுக்கும், நினைத்தால் ஐடியை முடக்கும். இதென்ன கூட்டு? ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே, செயலியைத் திறந்து சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்று 2021-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்படியானால் கோபாலபுரத்து மர நிழலில் கிடக்கும் நேரத்துக்கு என்ன பெயர்? இங்கே 2023-இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, கம்பெனிகள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குத் தரவேண்டும் என்கிறது. நிதி சரி, 'தொழிலாளி' என்ற உரிமை?

அதற்காகச் சங்கங்கள் போராடுகின்றன, போராடத்தான் வேண்டும். ஆனால் 'ஓட்டுநர்' என்ற ஒரே சொல்லுக்குள் வண்டிக்குச் சொந்தக்காரரும் கூலிக்கு ஓட்டுபவரும் இருக்கிறார்கள். முகவரியைச் சொல்ல யோசிக்காதவரும் மறைப்பவரும் இருக்கிறார்கள். இதைப் பேசினால் ஒற்றுமை கெடும் என்று தோழர்கள் பயப்பட வேண்டாம். பேசாததால்தான் அவர் துரைப்பாக்கம் என்கிறார்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பகுதியில் கடன் கேட்டுப் போகிறவர் கூடவே நீங்களும் போங்கள். மனுவைக் கொடுத்ததும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். தரும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள். மறுத்தால், யார் மறுத்தார், என்ன காரணம் என்று எழுத்தில் வாங்குங்கள். கோஷத்துக்கு அசையாத மேசைகள் ஒரு துண்டுக் காகிதத்துக்கு அசைவதை நான் பார்த்திருக்கிறேன்.

இறங்கும்போது என் கிளையைச் சொல்லி மனுவோடு வரச் சொன்னேன். "வாங்குவாங்களாண்ணா?" என்றார். "பக்கத்து மேசை என்னுதுதான், வா" என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உள்ளே போயிற்று. அதனால்தான் இங்கே அச்சிலும் சொல்லி வைக்கிறேன். இனி பின்வாங்க முடியாது.