மீடிறன் மாறட்டும், பெட்டி இருக்கட்டும்

மொடல் விமானம் பறக்க விடுற ஆக்களிட்ட போய் "35 மெகாஹேர்ட்ஸில இருந்து 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு மாறத்தான் வேணுமோ?" எண்டு கேட்டால் இப்ப ஒரு சிரிப்புத்தான் பதிலாக வரும். கேள்விக்கு வயசு போய்விட்டது என்பது அவர்களின் எண்ணம். உண்மைதான், கடையில் புதுசா வாங்கப் போனால் 2.4 தவிர வேறெதுவும் அநேகமாகக் கிடையாது. ஆனால் எங்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. லண்டனில், பாரிஸில் இருக்கிற மாமாமார் வீடு மாறும்போது, கராஜைத் துப்புரவாக்கும்போது வெளியில வருகிற பழைய செட்டுகள் சூட்கேசில் ஏறி இங்கே வந்து சேருகின்றன. ஒரு மீட்டருக்குக் கிட்ட நீளுகிற ஏரியல், கழற்றிப் பூட்டுற குட்டிக் கிறிஸ்ரல், நல்ல பாரமான பெட்டி. இதை அப்படியே பாவிக்கிறதா, எறியிறதா, மாத்துறதா?

மாறவேணும் என்பதுதான் எங்கட கட்சி. ஆனால் மாறுறது எண்டால் பழசை வீசிவிட்டு ஏதோவொரு கொம்பனியின் புதுப் பெட்டியை வாங்குறது எண்டு அர்த்தமில்லை. இந்த இரண்டையும் கனபேர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். பிரித்தானியாவில் மொடல் விமானங்களுக்கென்று ஒதுக்கியது 35 மெகாஹேர்ட்ஸ் பகுதி. அமெரிக்காவில் அது 72 மெகாஹேர்ட்ஸ். அந்தப் பகுதியைச் சின்னச் சின்னச் சனல்களாக வெட்டியிருப்பார்கள். அமெரிக்காவில் 11 தொடக்கம் 60 வரை 50 சனல்கள், ஒன்றுக்கும் மற்றதுக்கும் 20 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி. பிரித்தானியாவில் 55 தொடக்கம் 90 வரை, இடைவெளி 10 கிலோஹேர்ட்ஸ். கையில் இருக்கிற ட்ரான்ஸ்மிற்றரிலும் விமானத்துக்குள் இருக்கிற றிசீவரிலும் ஒரே இலக்கக் கிறிஸ்ரலைப் பூட்டினால் இரண்டும் பேசும். பிரச்சினை என்னவென்றால், அந்த இலக்கத்தில் யார் பேசினாலும் றிசீவர் கேட்கும். உங்கட விமானம் மேலே நிற்கும்போது வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் அதே சனலில் தன்ர செட்டைச் சும்மா சோதிச்சுப் பார்க்க சுவிச்சைத் தட்டினால் போதும். இரண்டு கிலோ பாரமும் சுழலுற புறொப்பெல்லரும் எங்க போய் விழும் எண்டு ஒருவருக்கும் தெரியாது.

இதைத் தடுக்கக் கழகங்களில் வைத்திருந்த சாமான் ஒரு பலகை. பெரிய தொழில்நுட்பம் ஒண்டுமில்லை. சனல் இலக்கங்கள் எழுதிய பலகையும், உடுப்புக் கொழுவுற கிளிப்பும்தான். உங்கட சனலுக்குரிய கிளிப் உங்கட கையில் இருந்தால் மட்டும்தான் செட்டைப் போடலாம். சில கழகங்களில் பலகையில் இருக்கிற கிளிப்பைக் கழற்றி எடுக்கவேணும், வேறு சிலதில் உங்கட பெயர் எழுதின கிளிப்பைக் கொண்டுபோய்ப் பலகையில் கொழுவவேணும். ஒரு கழகத்து ஆள் மற்றக் கழகத்துக்கு விருந்தாளியாகப் போனால் இரண்டும் தலைகீழ். வெறும் பலகையை ஒருவர் "எல்லாச் சனலும் காலி" எண்டு வாசிப்பார், மற்றவர் "எல்லாம் எடுபட்டாச்சு" எண்டு வாசிப்பார். மனிதரின் ஞாபகத்தையும் நேர்மையையும் மட்டும் நம்பி ஓடின முறை இது. நினைச்சுப் பார்த்தால், இவ்வளவு காலமும் இவ்வளவு குறைய விமானம் விழுந்ததே ஆச்சரியம்தான்.

2.4 இதைத்தான் தீர்த்தது. ஸ்பெக்ட்ரம் 2005 அளவில் சிறிய விமானங்களுக்கான செட்டோடு வந்தது, கொஞ்சக் காலத்தில் ஃபுட்டாபாவும் ஃபாஸ்ற் என்ற தன்ர முறையோடு வந்தது. கிறிஸ்ரல் இல்லை. ட்ரான்ஸ்மிற்றருக்கு ஒரு தனி அடையாள இலக்கம் இருக்கும். றிசீவரை ஒருக்கா அதோடு சோடி சேர்த்துவிட்டால் வேறு யார் கத்தினாலும் அது திரும்பிப் பார்க்காது. 2400 தொடக்கம் 2483.5 வரை இருக்கிற அகலமான பகுதிக்குள் ஒரு செக்கனுக்குப் பலதடவை இடம் மாறி மாறிப் பேசுகிற முறைகளும் உண்டு. இந்த மீடிறன் தாவல் விசயத்தில் ஒரு பழைய கதை. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் ஆன்தையிலும் 1942இல் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தார்கள். அதுவும் றேடியோவால் ஓட்டுகிற ஒரு சாமானுக்குத்தான், டோப்பிடோவுக்கு.

ஏரியலும் சுருங்கியது. 35 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், 2.4இன் அலை பன்னிரண்டரை சென்ரிமீட்டர். விமானத்தின் வால் வரைக்கும் இழுத்துக் கட்டின ஒரு மீட்டர் வயருக்குப் பதிலாக மூன்று சென்ரிமீட்டர் முனை போதும்.

ஆக, ஒரே மைதானத்தில் ஒருவருக்கு மேல் பறக்கவிடுற இடத்தில் 35ஐப் பிடிச்சுக்கொண்டு நிற்பதை நாங்கள் ஏற்கமாட்டோம். பழமைப் பாசத்துக்கு மற்றவனின் தலையைப் பணயம் வைக்கேலாது.

இதற்கு ஒரு எதிர்வாதம் இருக்கு. லேசாகத் தள்ளிவிடக்கூடியதும் இல்லை. "எல்லாரும் 2.4க்குப் போயிட்டினம், இப்ப 35 வெறுமையாக் கிடக்கு, உதைவிடப் பாதுகாப்பான இடம் வேறெது?" என்கிறார்கள். தனியாக ஒரு வெளியில் கிளைடர் விடுகிறவருக்கு இது பெரும்பாலும் சரிதான். 2.4இல் வைஃபை, புளூடூத் எண்டு ஊரே கூடி நிற்கிறது என்பதும் உண்மை. ஆனால் சாதாரண பழைய றிசீவருக்கு சிக்னல் போச்சு எண்டு தெரியாது. இரைச்சல் வந்தால் அந்த இரைச்சலையே சேர்வோக்களுக்கு அனுப்பும், இறக்கையும் வாலும் தன்பாட்டில் துடிக்கும். புது றிசீவர் தொடர்பு அறுந்ததை உணர்ந்து, நீங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்த நிலைக்குப் போகும். மோட்டரை நிறுத்து எண்டு சொல்லி வைத்தால் நிறுத்தும். அதோட கிறிஸ்ரல் உடைந்தால் புதுசு தேடி அலையவேணும். வெறுமையான சனல் நல்லதுதான், ஆனால் அந்தச் சனலில் பேசுகிற சாமானுக்கு இருபது வயது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேணும்.

இனி எங்களுக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். பழைய காலத்தில் ஒரு கொம்பனியின் ட்ரான்ஸ்மிற்றருக்கு இன்னொரு கொம்பனியின் றிசீவரை வாங்கிப் பூட்டலாம். சனலும் சிக்னலின் திசையும் பொருந்தினால் சாதாரண எஃப்எம் செட்டுகளில் அநேகமாக வேலை செய்யும். 2.4 வந்ததோடு ஒவ்வொரு கொம்பனியும் தனக்கென்று ஒரு மொழி வைத்துக்கொண்டது. ஒன்றுக்கு மற்றது புரியாது. செட் ஒருக்கா வாங்குற சாமான். றிசீவர் அப்படியில்லை, விமானத்துக்கு ஒன்று வேணும். ஐந்து விமானம் இருந்தால் ஐந்து றிசீவரும் அதே கொம்பனியிடம்தான். பக்கத்தில் நிற்கிறவனோட மோதுறது நின்றது, ஆனால் கடைக்காரனிடம் கட்டுப்பட்டுப் போனோம்.

மொழியைக் கொம்பனி மாற்றினால் பிறகென்ன, நீங்களும் மாறவேணும். 2015 தொடக்கம் ஐரோப்பிய விதி இறுகியபோது டிஎஸ்எம்2 என்ற முறையோடு அங்கே புதுச் செட் விற்க முடியாமல் போனது. 2019–20 காலத்தில் ஃபிறைஸ்கை தன்ர முறையில் இருந்த ஒரு பிழையைத் திருத்தி, சேர்வோக்கள் கேட்காமலே அசைகிற பிழை அது, புதிய மென்பொருள் வெளியிட்டது. திருத்தினது நல்லது. ஆனால் புதியதும் பழையதும் ஒன்றோடொன்று பேசாது. செட்டுக்கு ஏற்றினால் இருக்கிற ஒவ்வொரு றிசீவருக்கும் ஏற்றவேணும். எல்லாம் கையில் இருக்கிறவருக்கு அது ஒரு பின்னேர வேலை. விமானத்துக்குள்ளே ஒட்டிப் பூட்டி வைத்தவருக்கு?

அதனால் எங்கட பரிந்துரை இது. பழைய பெட்டியின் உள்ளே பாருங்கோ. ஸ்ரிக், சுவிச், பற்றரிப் பெட்டி எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பழைய யப்பான் செட்டுகளின் ஸ்ரிக் இன்றைய மலிவுச் செட்டுகளைவிட எவ்வளவோ மேல். வயசு போனது அலையை அனுப்புகிற அந்த ஒரு துண்டு மட்டும்தான். ஸ்ரிக்கின் அசைவெல்லாம் பிபிஎம் என்ற ஒற்றை வயர் சிக்னலாகச் சேர்ந்து அந்தத் துண்டுக்குப் போகிறது. அந்த வயரை 2.4 மொடியூல் ஒன்றுக்குத் திருப்பிவிட்டால் பெட்டி புதுசு. இதற்கு நாங்கள் விரும்புவது பல மொழி பேசுகிற திறந்த மூல மொடியூலை. நாலு விதமான றேடியோச் சில்லுகள் ஒரே பலகையில் இருக்கும். சின்னத் திருகு சுவிச்சில் இலக்கத்தை மாற்றினால் ஃபிளைஸ்கை, ஃபிறைஸ்கை, ஸ்பெக்ட்ரம் எண்டு றிசீவருக்கு ஏற்ற மொழியில் பேசும். மென்பொருளைப் பார்க்கலாம், திருத்தலாம். ஒரு கொம்பனி மூடினாலும் அது மூடாது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற இன்னொரு திறந்த மூல முறையும் இருக்கு, இப்ப எல்லாரின் வாயிலும் அதுதான். ஆனால் அதற்கு பிபிஎம் வயர் காணாது, வேறு விதமான இலக்கத் தொடர்பு வேணும். பழைய பெட்டிக்கு அது பொருந்தாது, புதுசா வாங்குகிறவர் யோசிக்கலாம்.

பெட்டியைத் திறக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கோ. பழைய அலைத் துண்டுக்குப் போகிற மின்சாரத்தைத் துண்டித்துவிடவேணும். ஏரியலை மட்டும் கழற்றிவிட்டு அதை ஓடவிட்டால் சும்மா சூடாகி எரியும், பற்றரியையும் தின்னும். இன்னொன்று, சட்டம். இங்கே றேடியோச் சாமான் இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேணும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆளில்லாமல் பறக்கிற எல்லாவற்றையும் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தது. மேலே ஏதாவது பறந்தால் சனம் பயத்தோட பார்க்கிற நாடு இது. கேட்டு, எழுதி வாங்கிவிட்டுப் பறக்கவிடுவோம்.

செட்டை மாற்றினால் விமானத்துக்குள்ளும் ஒன்று மாறவேணும். இதைக் கடையில் சொல்லமாட்டார்கள். பழைய றிசீவர் பற்றரி இறங்கினாலும் இழுத்துப் பறிச்சு வேலை செய்யும். 2.4 றிசீவர் ஒரு குட்டிக் கணினி. மின்னழுத்தம் ஒரு கணம் அதன் எல்லைக்குக் கீழே போனாலும் நின்று திரும்பத் தொடங்கும். ஸ்பெக்ட்ரம் றிசீவர்களுக்கு அந்த எல்லை மூன்றரை வோல்ற்று. பழைய நாலு செல், 4.8 வோல்ற்றுப் பற்றரியில் நாலு சேர்வோ ஒரேயடியாக இழுக்கும்போது அவ்வளவுக்கு இறங்குவது நடக்காத காரியமில்லை. ஆரம்ப கால 2.4 றிசீவர்களில் சில, அப்படி நின்றால் திரும்ப எழும்பச் சில செக்கன் எடுத்தன. தரைக்கு மேலே இருபது மீட்டரில் சில செக்கன் எண்டால் கதை முடிஞ்சுது. "2.4 சரியில்லை, சிக்னல் அறுந்துபோச்சு" எண்டு சொல்லப்பட்ட விபத்துகளில் ஒரு பகுதி உண்மையில் பற்றரி விபத்துகள்தான் என்பது எங்கட எண்ணம். ஐந்து செல், 6 வோல்ற்றுக்குப் போங்கோ. அதைச் சேர்வோக்கள் தாங்குமா எண்டு முதலில் பார்த்துக்கொள்ளவேணும். றிசீவரின் இரண்டு ஏரியல் முனைகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, காபன் ஃபைபரிலிருந்து தள்ளி வையுங்கோ. இவ்வளவு குட்டி அலையைக் காபனும் பற்றரியும் மறைக்கும், உங்கட உடம்பும்தான் மறைக்கும்.

பலகை போனதில் எங்களுக்கு ஒரு கவலை இருக்கு. கிளிப் எடுக்கப் போன இடத்தில்தான் ஆக்கள் கதைத்தார்கள். யார் மேலே, யார் இறங்கப் போகினம், புதுசா வந்த பெடியன் யார் எண்டு அங்கே தெரிய வந்தது. இப்ப ஒவ்வொருவரும் தன்பாட்டில் சுவிச்சைத் தட்டி ஏற்றுகிறார்கள். அலைகள் மோதாது, விமானங்கள் மோதும். ஒரே நேரத்தில் எத்தனை மேலே நிற்கலாம் எண்டு ஒரு கணக்கு வேணும். அதற்கு நாலே நாலு கிளிப்போட ஒரு பலகை போதும். சனல் இலக்கம் எழுதத் தேவையில்லை.

வெளிநாட்டு மாமாமாருக்கும் ஒரு சொல். பழைய செட்டை அனுப்பும்போது பெட்டியோடு வந்த பயிற்சி வயரையும் தேடிப் போட்டு விடுங்கோ. அந்த வயரால் பழைய பெட்டியைப் புதுப் பெட்டியோடு இணைத்தால், மீடிறனே தேவையில்லாமல், பழகுகிறவரின் கையில் அது இரண்டாவது செட்டாக வேலை செய்யும். அவர் தடுமாறினால் பக்கத்தில் நிற்கிறவர் ஒரு சுவிச்சால் விமானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த வயர் இங்கே கடைகளில் இல்லை, நாங்கள் தேடிப் பார்த்தாச்சு.