கேளாத அழைப்பும் கேட்க வேண்டிய உரிமையும்

முட்டுக்காட்டு உப்பங்கழியில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். அவரது கைப்பேசி ஒலிக்கிறது. மீன் வணிகர் அழைக்கிறாரோ, பிள்ளை படிக்கும் பள்ளியிலிருந்து செய்தியோ என்றெண்ணி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கிறார். “சார், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மனை விற்பனைக்கு இருக்கிறது” என்கிறது ஒரு குரல். அவர் பிறந்து வளர்ந்த கரையையே அவரிடம் விலைபேசும் அக்குரல், அவரது எண்ணை எங்கிருந்து பெற்றது? அதற்கு அவர் எப்போது இசைவளித்தார்?

இவை சிறிய வினாக்கள் அல்ல. அந்தரங்கத்திற்கான உரிமை அரசமைப்பு உறுதிசெய்யும் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. நம் நேரமும் அமைதியும் அவ்வுரிமையோடு பிணைந்தவை.

வணிக அழைப்புகளைத் தடுக்க விரும்புவோருக்கான பதிவேடு நம் நாட்டில் 2007ஆம் ஆண்டே தொடங்கப்பட்டது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2010, 2018ஆம் ஆண்டுகளில் விதிகளை மேலும் இறுக்கியது. 1909 என்ற எண்ணை அழைத்து, எல்லா விளம்பரங்களையும் தடுக்குமாறு பதியலாம். வங்கி, மனைவணிகம், கல்வி போன்ற வகைகளுள் வேண்டாதவற்றை மட்டும் தடுக்கவும் செய்யலாம். இப்பதிவால் வங்கிக் கணக்கு குறித்த தேவையான செய்திகள் நின்றுவிடுவதில்லை.

ஆயினும் இம்முறையில் ஒரு குறை உண்டு. ‘வேண்டாம்’ என்று பதியாதவர் அனைவரும் ‘வேண்டும்’ என்றவராகவே கொள்ளப்படுகின்றனர். மௌனம் சம்மதம் ஆகுமா? கதவைத் தட்டுபவரே அனுமதி கேட்க வேண்டும். வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் ‘தட்டாதீர்’ என்று எழுதித் தொங்கவிட வேண்டியதில்லை. விரும்பிக் கேட்பவரை மட்டுமே விளம்பரங்கள் அழைக்கலாம் என்பதே விதியாக வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை, இருக்கும் விதிகளைப் பயன்படுத்துவோம். பதிவு பெறாத விற்பனையாளர் சிலர் சாதாரணப் பத்திலக்க எண்களிலிருந்து அழைப்பர். பதிவேடு மட்டும் அவர்களைத் தடுக்காது. நம் புகாரே தடுக்கும். 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, அழைப்பு வந்த ஏழு நாள்களுக்குள் புகார் அளிக்கலாம். பத்து நாள்களுக்குள் ஒருவர்மீது ஐந்து புகார்கள் சேர்ந்தாலே நடவடிக்கைக்கு வழி பிறக்கும். நாம் எரிச்சலோடு துண்டிக்கும் அழைப்பு, அடுத்த நொடி இன்னொருவரைத் தேடிச் செல்கிறது என்பதை மறக்கலாகாது.

பொருளை வாங்க எண்ணினாலும் உரிமைகள் நமக்குண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை வழங்குகிறது. தவறான விளம்பரத்தையும் தடுக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்போர், மனைவணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்த பிறகே விளம்பரம் செய்ய வேண்டும். எனவே, மனை விற்க அழைப்பவரிடம் “பதிவு எண் என்ன?” என்று கேட்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும், இணையவழிப் பணமோசடி நேர்ந்தால் 1930 என்ற எண்ணையும் உடனே அழைக்கலாம்.

ஒன்றை நினைவிற்கொள்வோம். மறுமுனையில் பேசுபவர், வேலை தேடி வந்த நம் அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கலாம். அவரை வசைபாடுவது உரிமை ஆகாது. “வேண்டாம்” என்று பண்போடு மறுத்துவிட்டு, முறையாகப் புகார் அளிப்பதே நாகரிகம்.

கடற்கரைச் சிற்றூர்களில் கரைவலையை ஒருவர் தனியே இழுத்துவிட முடியாது; இருபுறமும் பலர் கைகோத்தால்தான் வலை கரையேறும். நுகர்வோர் உரிமையும் அத்தகையதே. இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் எண்ணைப் பதிவுசெய்து கொடுங்கள். உங்கள் பங்குக் கயிறு அதுவே.